பழைய கட்டடத்தில் சூரிய மின்சாரம்: தகட்டுக்குப் பணம் கிடைக்கும், கூரைக்கு?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே வரிக் கேள்வி: "எங்கள் அறக்கட்டளையின் பொறுப்பில் 130 ஆண்டுப் பழமையான, பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடம் இருக்கிறது, அதில் சூரிய மின்தகடு பொருத்த மானியம் யார் தருவார்கள்?" ஆனால் அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது கேள்வி வேறு என்று தோன்றியது. கூரை இரண்டு இடங்களில் ஒழுகுகிறது. மின்கட்டணம் ஆண்டுக்காண்டு ஏறுகிறது. பொருளாளர் கடன் என்றாலே முகம் சுளிக்கிறார். ஆக, கையிருப்பு அதிகம் இல்லாத ஓர் அமைப்பு, கட்டடத்துக்கும் கேடு வராமல், யாருடைய பணத்தை எந்த வரிசையில் வாங்கி இந்த வேலையை முடிப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கட்டட எரிசக்தித் தணிக்கை செய்பவன். பதினெட்டு ஆண்டுகளில் பாதிக்கு மேல் பழைய கட்டடங்களோடுதான் கழிந்தது. திட்ட மதிப்பீடு, மானிய விண்ணப்பம், வங்கிக்கான கணக்கு எல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு ஐயமில்லாமல் தெரிந்தது ஒன்று உண்டு. இந்த மாதிரித் திட்டங்களில் தகட்டுக்குப் பணம் கிடைப்பது எளிது. தகடு உட்காரும் கூரைக்குப் பணம் கிடைப்பதுதான் கடினம். மானியப் பட்டியலைத் தேடும் எல்லோரும் முதல் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என்னுடைய மூன்றாவதோ நான்காவதோ திட்டம் அது. ஓட்டுக் கூரை போட்ட பழைய மண்டபம். தகட்டுக்கு மானியம் ஒப்புதலாகிவிட்டது, பன்னிரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சாரம் கட்டி, தெற்குப் பக்கத்தில் நான்கைந்து ஓடுகளை எடுத்தோம். தச்சர் கைமரத்தின் நுனியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நகம் மறையும்வரை உள்ளே போனது. சுவரோடு சேரும் இடத்தில் ஒழுகிய நீர் பல ஆண்டுகளாக உள்ளுக்குள்ளேயே மரத்தைத் தின்றிருந்தது. கீழிருந்து பார்த்தால் வண்ணம் பூசிய நல்ல மரம். பதினொரு கைமரங்களை மாற்ற வேண்டியிருந்தது. மானியம் தந்தவர்கள் "பழுதுபார்ப்பு எங்கள் திட்டத்தில் இல்லை" என்றார்கள். விதிப்படி அது சரிதான். பழுதுபார்ப்புக்கு வேறு நிதி தேடி முடிப்பதற்குள் கெடு முடிந்து, தகட்டு மானியம் காலாவதியானது. சாரத்துக்கு மாத வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தவறு யாருடையது என்று கேட்டால், கூரையைத் திறந்து பார்க்காமல் விண்ணப்பம் எழுதிய என்னுடையதுதான்.

அதனால் முதலில் செலவைப் பிரித்து எழுதுங்கள். மொத்தச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தகடு, இன்வெர்ட்டர், கம்பி, தாங்கு சட்டம் எல்லாம் சேர்ந்து 45 பங்கு என்றால், கூரைப் பழுது 25, சாரம் 10, பழைய மின்கம்பிகளையும் மின்பலகையையும் மாற்றுவது 10, ஆய்வு, வரைபடம், அனுமதி மீதி 10 என்று போகலாம். இவை உதாரணத்துக்காக நான் போட்ட எண்கள். உங்கள் கட்டடத்தில் மாறும். ஆனால் தகடு பாதியைத் தாண்டாத பழைய கட்டடங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கே பொருந்தும். இந்த ஐந்து செலவுகளுக்கும் பணம் ஒரே கதவிலிருந்து வராது. தகட்டுக்கு எரிசக்தித் துறை, கூரைக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு நிதி அல்லது கொடையாளர், மின்கம்பிக்குப் பெரும்பாலும் உங்கள் சொந்தப் பராமரிப்புக் கணக்கு.

இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பிரிட்டனின் வரி விதிப்பு நல்ல சாட்சி. அங்கே வீடுகளிலும் அறப்பணிக் கட்டடங்களிலும் சூரியத் தகடு பொருத்தும் வேலைக்கு 2027 மார்ச் 31 வரை மதிப்புக்கூட்டு வரி பூஜ்யம். அதே கட்டடத்தின் கூரையைப் பழுதுபார்த்தால் 20 விழுக்காடு. அரசு ஒரு கையால் புதியதை வைக்கச் சொல்லித் தட்டிக்கொடுக்கிறது, இன்னொரு கையால் பழையதைக் காப்பவரிடம் வரி வாங்குகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் பல நாடுகளில் திட்டங்களின் போக்கு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கணக்குப் போடுவது நல்லது.

இதிலிருந்து வரும் அடுத்த முடிவும் உறுதியானது. எப்படியும் கூரையைப் பிரிக்கப் போகும் ஆண்டில்தான் தகடு வைக்க வேண்டும். சாரத்துக்கு இரண்டு முறை வாடகை கொடுக்கக் கூடாது. கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரிச் சிற்றாலயம் 1446-ல் தொடங்கி 1515-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் ஈயக் கூரையைப் புதுப்பிக்கும் வேலையோடு சேர்த்தே 2023-ல் 438 தகடுகளைப் பொருத்தினார்கள். பாரம்பரியப் பாதுகாப்புத் தரப்பிலிருந்து ஆட்சேபம் வந்தும் நகர மன்றம் அனுமதி கொடுத்தது. குளோஸ்டர் பேராலயத்தில் 2016-லேயே 150 தகடுகள் ஏறிவிட்டன. பல நூற்றாண்டுப் பழமையான கட்டடத்தில் தகடு வைக்க முடியுமா என்று யாரேனும் உங்கள் குழுவில் கேட்டால் இந்த இரண்டையும் காட்டுங்கள். கூடவே ஒன்றையும் சொல்லுங்கள்: இரண்டுமே பெயர் பெற்ற, நன்கொடை திரட்டும் வலிமையுள்ள இடங்கள். அவர்களால் முடிந்தது எல்லோராலும் முடியும் என்பதற்கு அவை சான்று ஆகா.

தகட்டுக்கு முன்னால் சேமிப்பு. இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்வதில்லை, ஏனென்றால் கதவிடுக்கை அடைத்ததற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931-ல் கட்டியது, தேசிய வரலாற்றுச் சின்னம். அதன் 6,514 சன்னல்களையும் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை அமைத்து, பழைய கண்ணாடியையும் சட்டத்தையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு இடையே ஒரு மெல்லிய படலம் சேர்த்து மீண்டும் பொருத்தினார்கள். இதுவும் குளிரூட்டி முதலிய மற்ற வேலைகளும் சேர்ந்து எரிசக்தித் தேவையை 38 விழுக்காடு குறைக்கும் என்று கணக்கிட்டார்கள். எரிசக்திக்கென்று கூடுதலாக ஆன செலவு சுமார் 1.32 கோடி டாலர். ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம் டாலர். மூன்றே ஆண்டில் போட்ட பணம் திரும்பும் கணக்கு. இந்தக் கணக்கு சாத்தியமானதற்குக் காரணம், மொத்தக் கட்டடத்தையும் புதுப்பிக்க ஏற்கெனவே ஒதுக்கியிருந்த பெரும் தொகை. 1.32 கோடி என்பது அதன் மேல் சேர்ந்த கூடுதல் மட்டுமே. கூரை வேலையோடு தகட்டைச் சேருங்கள் என்று நான் மேலே சொன்னதும் இந்தக் கணக்கைத்தான்.

உங்கள் அளவில் இதன் பொருள் சிறியது. விளக்குகளை மாற்றுவது, காற்றுக் கசிவை அடைப்பது, பழைய மின்மோட்டாரை மாற்றுவது ஆகியவற்றை உங்கள் சொந்தப் பணத்தில் முதலில் செய்யுங்கள். தேவை கால் பங்கு குறைந்தால் தகடும் கால் பங்கு குறையும். ஒரு கிலோவாட்டுக்கு இன்றைய தகடு சுமார் 5 சதுர மீட்டர் கேட்கிறது. தகடு குறைந்தால் கண்ணில் படும் பரப்பும் குறைகிறது, அனுமதி தருபவரின் மனமும் இளகுகிறது. சுண்ணாம்புக் காரைச் சுவரை மட்டும் தொடாதீர்கள். மூச்சு விடும் சுவருக்குள் ஈரத்தைப் பூட்டும் வெப்பக் காப்புப் பலகையை ஒட்டினால், மிச்சப்படுத்திய கட்டணத்தைப் போலப் பல மடங்கு பூசணத்துக்கும் உதிரும் காரைக்கும் செலவிடுவீர்கள். வரலாற்றுக் கட்டடங்களின் எரிசக்தி மேம்பாட்டுக்கென்றே 2017-ல் ஐரோப்பியத் தர விதி ஒன்று வந்தது, எண் 16883. அது எந்தப் பொருளை ஒட்டுவது என்று சொல்வதில்லை. எந்த வரிசையில் முடிவெடுப்பது என்றுதான் சொல்கிறது. அதன் வழியில் ஒரு தணிக்கை அறிக்கை வைத்திருந்தால் நிதி தருபவர்களிடம் பேச்சு எளிதாகும்.

இனிப் பணத்தின் வகைகள். நேரடி மானியத்தில் நான் பார்த்த பொது விதி, வேலையைத் தொடங்கிய பின் விண்ணப்பித்தால் கிடைக்காது என்பது. ஜெர்மனியின் அரசு மேம்பாட்டு வங்கி பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே தனிப் படிநிலை வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்கு உள்ள கடும் அளவுகோலை இவற்றுக்குத் தளர்த்தியிருக்கிறது; ஆனால் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தகுதி பெற்ற எரிசக்தி ஆலோசகர் கையெழுத்திட வேண்டும், விண்ணப்பம் வேலைக்கு முன்பே போயிருக்க வேண்டும். முன்பணம் கொடுத்துத் தகட்டுக்கு ஆர்டர் போட்டதையே "வேலை தொடங்கிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தள்ளிய திட்டம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே ஒப்புதல் கடிதம் கைக்கு வரும்வரை பொருளாளர் காசோலைப் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கட்டும். அவருக்கு அது கஷ்டமாக இராது என்று நினைக்கிறேன்.

இன்னொரு விதி, பெரும்பாலான மானியங்கள் செலவு செய்த பிறகே திருப்பித் தருபவை. விண்ணப்பத்தில் இது சிறிய எழுத்தில் இருக்கும். ஒப்பந்தக்காரருக்கு நீங்கள் முதலில் கொடுத்து, ரசீது அனுப்பி, தணிக்கை முடிந்து, பணம் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்கும் குறுகிய காலக் கடனோ கையிருப்போ இல்லாமல் தொடங்கிய அமைப்புகள் நடுவழியில் நின்றதுண்டு. "மானியம் கிடைத்தால் கடன் வேண்டாம்" என்று உங்கள் பொருளாளர் நினைத்தால் இதை அவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

வரிச் சலுகை வேறு வகை. அமெரிக்காவில் வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தைத் தரமாகப் புதுப்பித்தால் செலவில் 20 விழுக்காட்டைக் கூட்டரசு வரியில் கழித்துக்கொள்ளலாம். 2017-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அது ஐந்து ஆண்டுகளில் பிரித்துக் கிடைக்கிறது. உரிமையாளர் தாமே குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது. சூரிய மின்சாரத்துக்குத் தனி வரிக் கழிவு உண்டு (2025-ல் அதன் காலம் சுருக்கப்பட்டது), ஆனால் ஒரே செலவை இரண்டிலும் காட்ட முடியாது. தகட்டின் விலையைப் புதுப்பித்தல் கணக்கில் சேர்த்தால் சூரிய வரிக் கழிவு அந்தத் தொகைக்கு இல்லை. எந்தச் செலவை எந்தக் கூடையில் போடுவது என்பதைக் கணக்காளர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும், பிறகு மாற்றினால் சிக்கல். ஜெர்மனியில் பாரம்பரியச் சின்னத்தை வாடகைக்கு விடுபவர் புதுப்பித்த செலவை முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 9 விழுக்காடு, அடுத்த நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 7 விழுக்காடு என வரிக்குரிய வருமானத்திலிருந்து முழுவதும் கழித்துவிடலாம். இவையெல்லாம் வரி கட்டுபவருக்கு இனிக்கும். வரி கட்டாத அறக்கட்டளைக்கு வரிக் கழிவு வெறும் காகிதம். அதை வாங்கிக்கொள்ளக்கூடிய முதலீட்டாளரைக் கூட்டாளியாகச் சேர்த்தாலோ, அரசே பணமாகத் தரும் ஏற்பாடு இருந்தாலோதான் பயன்.

வேறொருவர் பணத்தில் தகடு வைத்து, அவரிடமிருந்தே மின்சாரத்தை வாங்கும் முறை உங்களுக்கு நிச்சயம் பரிந்துரைக்கப்படும். "ஒரு காசு போட வேண்டாம்" என்பார்கள். அது உண்மை, ஆனால் ஒப்பந்தம் 15, 20, 25 ஆண்டு ஓடும். புதுக் கட்டடத்தில் இதில் பெரிய ஆபத்தில்லை. பழைய கட்டடத்தில் நான் வரிவரியாகப் படிக்கும் இடங்கள் மூன்று. ஒன்பதாம் ஆண்டில் கூரை ஒழுகினால் தகடுகளைக் கழற்றி மாட்டும் கூலி யாருடையது, அந்த நாட்களின் உற்பத்தி இழப்பு யாருடையது என்பது முதலாவது; பல வரைவுகளில் இரண்டும் கட்டட உரிமையாளர் தலையில்தான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தபின் ஒவ்வொரு துளையையும் அடைத்து, அதே வகை ஓடுகளை வைத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா என்பது இரண்டாவது. ஆண்டுதோறும் விலை ஏறும் விகிதம் மூன்றாவது. முதல் ஆண்டு விலை இனிப்பாக இருக்கும், பன்னிரண்டாம் ஆண்டு விலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். இந்த மூன்றையும் திருத்த மறுக்கும் நிறுவனத்தோடு நான் கையெழுத்துப் போடச் சொல்லமாட்டேன்.

கடனைப் பற்றி உங்கள் பொருளாளரின் பயத்தில் பாதி நியாயம். கூரைப் பழுதுக்கு வாங்கும் கடன் வருமானம் தராது. அதற்குக் கடன் வேண்டாம், நன்கொடை திரட்டுங்கள். "இந்தக் கூரை இன்னும் நூறு ஆண்டு நிற்க வேண்டும்" என்றால் மக்கள் பணம் தருவார்கள்; இன்வெர்ட்டருக்குத் தருவது அபூர்வம். தகட்டுக்கு வாங்கும் கடன் வேறு, அது மாதாமாதம் கட்டணத்தில் மிச்சமாவதைக் கொண்டு தன்னைத் தானே அடைக்கக்கூடியது. 2008-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் தொடங்கிய முறையில் கடன் சொத்து வரியோடு சேர்ந்து வசூலாகும். உரிமையாளர் மாறினாலும் பாக்கி கட்டடத்தோடு போகும். சில இடங்களில் ஊரார் சிறுசிறு பங்காகப் போட்டுக் கூட்டுறவாகத் தகடு வைப்பதும் உண்டு. பழைய கட்டடத்தின்மேல் ஊருக்கு உரிமையுணர்வு இருக்கும் இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். கடன் தவணைக் காலம் எதுவானாலும், இன்வெர்ட்டரை 10 முதல் 15 ஆண்டுக்குள் ஒரு முறை மாற்ற வேண்டிவரும் என்ற செலவைக் கணக்கில் சேருங்கள். விற்பனையாளரின் தாளில் அது பெரும்பாலும் இருக்காது.

இதுவரை சொன்னது நான் உறுதியாக நிற்கும் பகுதி. இனி ஐயத்துக்குரியவை. "ஆறு ஆண்டில் போட்ட பணம் திரும்பும்" என்ற வாக்கியத்தை நான் எழுதுவதை நிறுத்திப் பல ஆண்டாகிறது. அது நாளைய மின்கட்டணத்தையும், மிகுதி மின்சாரத்தை வாங்கும் விலையையும், அரசின் மனதையும் நம்பிய எண். அமெரிக்காவில் 2022-ல் வந்த சட்டம் வரி கட்டாத அமைப்புகளுக்கும் சூரிய வரிக் கழிவைப் பணமாகவே தர வழி செய்தது; பலர் அதை நம்பிப் பத்தாண்டுத் திட்டம் போட்டார்கள். 2025 ஜூலையில் வந்த சட்டம் அந்தக் காலத்தை வெகுவாகச் சுருக்கிவிட்டது. எந்த நாட்டில் இருந்தாலும், மானியம் பாதியானாலும் திட்டம் நிற்குமா என்று ஒரு கணக்கைத் தனியாகப் போட்டு வையுங்கள். அதேபோல, கட்டடம் பகலில் பூட்டியிருந்து மாலையில் மட்டும் திறக்கிறதா? அப்படியானால் விற்பனையாளர் காட்டும் சேமிப்பில் பெரும்பகுதியை நம்ப வேண்டாம். பகலில் விளையும் மின்சாரத்தை நீங்களே பயன்படுத்தினால் முழுக் கட்டணம் மிச்சம். வெளியே விற்றால் பல இடங்களில் அதைவிடக் குறைந்த விலைதான்.

ஓடு போலவே தோன்றும் சூரியத் தகடுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பொம்பேயி அகழ்விடத்தில் செரேஸ் இல்லம் என்ற வீட்டின் கூரையில் சுட்ட மண் ஓட்டின் தோற்றத்தில் அவற்றை வைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அதே பரப்பில் சாதாரணத் தகட்டைவிடக் குறைவாகவே விளையும், விலையும் அதிகம். நிதி கேட்கும் திட்டத்தில் அதை நான் கடைசி வழியாகவே வைப்பேன். அதைவிட, பின்புறமுள்ள புதிய துணைக் கட்டடத்தின் கூரையோ வாகனம் நிறுத்துமிடமோ இருந்தால் பழைய கூரையைத் தொடாமலே வேலை முடியும். அனுமதியும் எளிது, கூரைப் பழுதை அதன் போக்கில் தனியாகச் செய்துகொள்ளலாம். இதை முதலில் கேட்கக் கூச்சப்படாதீர்கள். எனக்கு வரும் திட்டங்களில் சிலவற்றை இப்படித்தான் ஒரே நாளில் முடித்திருக்கிறேன், அதனால் குறைந்தது என் கட்டணம்தான்.

அனுமதி அதிகாரியைப் பலர் விண்ணப்பத்துக்குப் பிறகே சந்திக்கிறார்கள். முன்பே சந்திக்க வேண்டும். அவரிடம் மின்சாரக் கணக்கைக் காட்டி வாதாட வேண்டாம். தகடு எந்தக் கோணத்திலிருந்து தெரியும், எதில் துளையிடுவீர்கள், நாளை கழற்றினால் என்ன மிஞ்சும் என்ற மூன்றுக்கும் புகைப்படத்தோடு விடை கொண்டுபோங்கள். திரும்ப எடுக்கக்கூடியதாக இருப்பது பாதுகாப்புத் துறையினர் முதலில் தேடும் குணம். அவரது எழுத்துபூர்வமான முதற்கருத்து ஒரு பக்கம் இருந்தாலே, நிதி தருபவர்களின் மேசையில் உங்கள் கோப்பின் எடை கூடும். தீக்காப்பீடு தருபவருக்கும் அப்போதே எழுதுங்கள். மரக்கூரையின்மேல் நேர்மின்னோட்டக் கம்பி போகிறது என்பதை அவர் பிறகு தெரிந்துகொண்டால் உங்களுக்குத்தான் சங்கடம்.

உங்கள் புகைப்படத்தைப் பார்த்துக் கூரை தாங்குமா என்று என்னால் சொல்ல முடியாது, யாரும் சொல்லக் கூடாது. தகடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 10 முதல் 15 கிலோ. காற்றில் தூக்காமலிருக்கப் பளுக் கற்கள் வைத்தால் எடை இன்னும் கணிசமாக ஏறும். அதனால் இந்த மாதம் ஒரே ஒரு செலவு செய்யுங்கள்: பழைய மரக்கூரைகளில் பழக்கமுள்ள கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கொண்டு ஒழுகும் இரண்டு இடங்களிலும் ஓடுகளை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கைமரத்தின் அளவு, இடைவெளி, சுவரோடு சேரும் நுனியின் நிலை ஆகிய மூன்றும் அறிக்கையில் இருக்கட்டும். அதோடு கடந்த 24 மாத மின்கட்டண ரசீதுகளையும் இங்கே போடுங்கள். தகடு எத்தனை கிலோவாட் போதும், செலவில் எந்தப் பங்கை எந்த நிதியிடம் கேட்பது என்று அடுத்த பதிலில் எண்ணோடு பேசலாம்.